மதுரையைப் பத்தித் தமிழ்ல எழுதி மாசம் 10,000 ரூபாய்: எங்கிட்டு ஆரம்பிக்கிறது?

மேலூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரை சுத்துவட்டாரத்தைப் பத்தி முகநூல்ல எழுதுறேன். சமணர் மலை, அழகர்கோவில், வாரச்சந்தை, மல்லிகைத் தோட்டம், ஊர்த் திருவிழான்னு 60 கட்டுரை தேறும். படிக்கிறவங்க இருக்காங்க. ஆனா மூணு மாசத்துக்கு முன்னாடி போட்டதைத் தேடிப் பிடிக்க எனக்கே வழி தெரியலை, புதுசா வர்றவங்க கண்ணுல எப்படிப் படும்? காசும் இதுவரைக்கும் ஒரு ரூபாய் வரலை.

தினம் ராத்திரி ஒன்றரை மணி நேரம், ஞாயித்துக்கிழமை அரை நாள் ஒதுக்க முடியும். கையில 5,000 ரூபாய் வச்சிருக்கேன். ஒன்றரை வருஷத்துல மாசம் 10,000 நின்னு வந்தாப் போதும்.

சொந்தத் தளம் வைக்கணுமா, இல்லை பிரதிலிபி மாதிரி இருக்கிற இடத்துலயே எழுதிரலாமா? தமிழுக்கு கூகுள் விளம்பரக் காசு எப்படி? அமேசான் கிண்டில்ல மின்னூல் போடலாமா? வரி, கணக்குல என்ன பாக்கணும்? தெரிஞ்ச அண்ணன்மார், அக்காமார் விவரமாச் சொல்லுங்க.

சிம்மக்கல்:

தம்பி, கதை எழுதுறவங்களுக்குப் பிரதிலிபி சரி. அங்க வர்றவங்க தொடர்கதை தேடித்தான் வர்றாங்க. ஊர்த் தகவல் எழுதுறவங்களுக்குச் சொந்த முகவரிதான் வேணும், ஏன்னா உங்க வாசகர் கூகுள்ல தேடி வர்ற ஆளு.

முதல் வேலை, முகநூல்ல இருக்கிற 60 கட்டுரையையும் வெளிய எடுங்க. அமைப்புகள்ல உங்க தகவலைப் பதிவிறக்குற வசதி இருக்கு. வடிவம் கேக்கும்போது எச்டிஎம்எல் தேர்ந்தெடுங்க. ஜேசன் கோப்பா இறக்குனா தமிழ் எழுத்தெல்லாம் உடைஞ்சு புரியாத குறிகளா வரும், அதைச் சரிபண்ணத் தனியா நிரல் எழுதணும். நிறையப் பேர் இதுல மாட்டி, எழுதினதே போச்சுன்னு விட்டுர்றாங்க.

அடுத்தது முகவரி. ஒரு டொமைன் வாங்க வருஷத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். முதல் வருஷ விலையைப் பாக்காதீங்க, புதுப்பிக்கிற விலையைப் பாருங்க. 99 ரூபாய்னு போட்டுட்டு ரெண்டாவது வருஷம் பத்து மடங்கு கேக்குறது இந்தத் தொழில்ல சாதாரணம். அந்த டொமைனை கூகுளோட இலவசத் தளமான பிளாகர்ல இணைச்சுருங்க. இடவாடகை கிடையாது, கூட்டம் வந்தாலும் படுத்துக்காது. வேர்ட்பிரஸ்ல வசதி அதிகம்தான். ஆனா வாடகை, காப்புநகல், செருகுநிரல் (கூடுதல் வசதிக்குச் சேக்குற சின்ன நிரல்) புதுப்பிக்கிறதுன்னு உங்க ஒன்றரை மணி நேரத்துல பாதியை அதுவே தின்னுரும். ஒரு வருஷம் பிளாகர்ல ஓட்டுங்க. டொமைன் உங்க பேர்ல இருந்தா அப்புறம் வீடு மாத்துனாலும் முகவரி மாறாது.

பிளாகர்ல ஒரு கோளாறு இருக்கு, இதை மட்டும் மறந்துராதீங்க. தலைப்பைத் தமிழ்ல எழுதினா, கட்டுரையோட முகவரியில அது தமிழ் எழுத்தையெல்லாம் விட்டுட்டு 'பிளாக் போஸ்ட்'னும் ஒரு நம்பரும் போட்டுக்கும். 60 கட்டுரைக்கும் அதே கதைதான். வெளியிடுறதுக்கு முன்னாடி 'பெர்மாலிங்க்' பகுதியில போய் ஆங்கில எழுத்துல நாலஞ்சு சொல்லு நீங்களே கொடுத்துருங்க. வெளியிட்ட பிறகு மாத்துனா பழைய சுட்டி செத்துப் போகும். வேர்ட்பிரஸ்ல இதுக்கு நேர் மாறு, தமிழ் அப்படியே முகவரிக்குள்ள போகும். 'மதுரை'ங்கிறது கணினிக்கு அஞ்சு குறியீடு (ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி). வாட்சப்ல பகிரும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோட ஒன்பது எழுத்தா விரியும். ஒரு சொல்லுக்கு 45 எழுத்து. தலைப்பு ஆறு சொல்லுன்னா சுட்டியைப் பாத்தே ஜனங்க ஏதோ மோசடின்னு நெனச்சு அமுக்க மாட்டாங்க.

எழுத்துப் பிழையில ஒண்ணு தேடலையே கெடுக்குது. 'பௌர்ணமி'யை எடுத்துக்கங்க. சரியா எழுதினா ப-வுக்குப் பக்கத்துல ஔகாரக் குறி. ஆனா நிறையப் பேர் 'பெ' போட்டு 'ள' போட்டு 'பெளர்ணமி'ன்னு தட்டுறாங்க. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, கணினிக்கு வேற வேற சொல்லு. 'சௌராஷ்டிரா'வும் அப்படித்தான். உங்க 60 கட்டுரையையும் ஒரே கோப்புல போட்டு 'பெள', 'செள', 'கெள', 'மெள' நாலையும் தேடி மாத்துங்க. 'கெளுத்தி', 'மெள்ள' மாதிரி நல்ல சொல்லும் சிக்கும், அதனால 'எல்லாத்தையும் மாத்து' பொத்தானைத் தொடாம ஒண்ணொண்ணாப் பாத்து மாத்துங்க. அரை மணி நேர வேலை.

எழுத்து அளவு கைபேசியில 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி இடைவெளி 1.7 வைங்க, தமிழுக்கு மேலயும் கீழயும் கொம்பும் சுழியும் இருக்குறதால ஆங்கில இடைவெளி பத்தாது. கூகுள் தேடல்ல உங்க தளம் வர்றதுக்கான இலவசக் கருவி சர்ச் கன்சோல், அதுல தளத்தைப் பதிஞ்சு சைட்மேப் (தளத்துப் பக்கங்களோட பட்டியல்) கொடுத்துருங்க. அதுக்கு மேல முதல் மூணு மாசம் தொழில்நுட்பம் பக்கமே போகாதீங்க.

தெப்பக்குளம்:

சிம்மக்கல் அண்ணன் சொன்னதோட எழுத்துப் பக்கத்தை நான் சேக்குறேன்.

60 கட்டுரையையும் அப்படியே தூக்கித் தளத்துல கொட்டாதீங்க தம்பி. முகநூல் கட்டுரை ஒரு நாள் படிக்கிற எழுத்து. தேடி வர்றவருக்கு ஒரு கேள்வி இருக்கும், அதுக்குப் பதில் முதல் பத்தியிலயே கெடைக்கணும். 60-ல 15-ஐ மட்டும் எடுத்துத் திருப்பி எழுதுங்க.

சமணர் மலையை எடுத்துக்குவோம். வலையில இருக்கிற பெரும்பாலான பக்கம் "மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் அமைந்துள்ளது, வரலாற்றுச் சிறப்பு மிக்கது"ன்னு நாலு வரியில முடிஞ்சு போகுது. போக நினைக்கிற ஆளுக்கு அதுல ஒண்ணுமே இல்லை. அவருக்கு என்ன வேணும்? சமணச் சிற்பம் இருக்கிற செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் ஒரே இடத்துல இல்லை, மலையோட வேற வேற பக்கம். எதுக்கு எந்தப் பாதை? அய்யனார் கோயில் தாமரைக் குளத்துப் பக்கம் இருந்து ஏறுற படி எவ்வளவு செங்குத்து, அறுபது வயசுக்காரர் ஏற முடியுமா? உச்சி வெயில்ல பாறை காலைச் சுடும், அப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்? பேச்சிப்பள்ளத்துல வரிசையா இருக்கிற தீர்த்தங்கரர் சிற்பத்துக்குக் கீழ இருக்கிற வட்டெழுத்து எந்த வெளிச்சத்துல தெரியும்? சாய்வெயில்ல எழுத்தோட பள்ளத்துல நிழல் விழும், அப்பத்தான் படம் எடுக்க முடியும். குடிதண்ணி எங்க கெடைக்கும், வண்டி எங்க விடுறது? இது அத்தனைக்கும் பதில் ஒரே பக்கத்துல, நீங்க எடுத்த எட்டுப் படத்தோட இருந்தா, சென்னையில உக்காந்து எழுதுறவர் எவரும் உங்களை முந்த முடியாது. ஞாயித்துக்கிழமை அரை நாளை இதுக்கு வச்சுக்கங்க. ஒரு தடவை போய் வந்தா ரெண்டு பக்கம் கிடைக்கும்.

குழப்பத்தைத் தீக்குற பக்கம் எப்பவும் ஓடும். ஒரு உதாரணம், ஏறுதழுவுதல் அரங்கம். 2024 ஜனவரியில தொறந்த அந்த அரங்கம் இருக்கிறது அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரை. வெளியூர்க்காரங்க ராமநாதபுரம் கீழக்கரைன்னு நினைச்சுக்குறாங்க. அந்த ஒரே விஷயத்தைத் தலைப்புலயே தெளிவாச் சொல்லி வழி போட்டா, பொங்கல் சமயத்துல அந்தப் பக்கத்துக்கு ஆள் வராமப் போகாது.

இனி நேரம். நம்ம ஊர் எழுத்துக்குப் பஞ்சாங்கம்தான் ஆசிரியர். சித்திரைத் திருவிழாப் பக்கம் பங்குனி பிறக்குறதுக்கு முன்னாடியே தயாரா இருக்கணும். கொடியேத்தத்தன்னிக்கு எழுதி வெளியிட்டா கூகுள் அதைப் பாத்து இடம் கொடுக்குறதுக்குள்ள அழகர் பூப்பல்லக்குல ஏறி மலைக்குத் திரும்பிருவார். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கட்டுரையெல்லாம் கார்த்திகையிலயே முடிஞ்சிருக்கணும்.

திருவிழாப் பக்கத்தோட முகவரியில வருஷத்தைப் போடவே போடாதீங்க. வருஷா வருஷம் புதுப் பக்கம் போட்டா ஒவ்வொண்ணும் ஒண்ணாங்கிளாசுல இருந்து ஆரம்பிக்கும். முகவரி ஒண்ணே ஒண்ணு, உள்ள தேதியை மட்டும் மாத்துங்க, தலைப்புல வருஷத்தை மாத்துங்க. எதிர்சேவை எந்த இடத்துல, அழகர் ஆத்துல இறங்குறப்ப ஆழ்வார்புரம் பக்கம் எப்ப இருந்து நிக்கணும், வண்டியூருக்கு எப்ப, தேனூர் மண்டபத்துக்கு எப்ப, ராமராயர் மண்டபத்துல தசாவதாரம் எப்ப, இப்படி வரிசையா நேரத்தோட. தேதியும் நேரமும் கோயில் அழைப்பிதழ் வந்த பிறகு அதைப் பாத்து மட்டும் போடுங்க. போன வருஷத்து நேரத்தை உத்தேசமா விட்டு வச்சிருந்து, ஒரு குடும்பம் பிள்ளைகுட்டியோட நடுராத்திரி வந்து ஏமாந்து நின்னா அவங்க திரும்ப உங்க பக்கம் வரவே மாட்டாங்க.

படம் விஷயம். மீனாட்சி கோயிலுக்குள்ள 2018-ல இருந்து கைபேசிக்குத் தடை. அதனால உள்பிரகாரப் படத்துக்கு எல்லாரும் வலையில இருந்து உருவுறாங்க. அது இன்னொருத்தர் சொத்து, புகார் வந்தா பக்கமே தூக்கப்படும். விக்கிமீடியா காமன்ஸ்ல உரிமம் பாத்து, எடுத்தவர் பேரையும் உரிமத்தையும் படத்துக்குக் கீழ போட்டுப் பயன்படுத்துங்க. உங்க சொந்தப் படம் ஒண்ணாவது 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறையாம இருக்கட்டும், கைபேசியில தேடாமலே கூகுள் கட்டுரை காட்டுற டிஸ்கவர் பகுதியில பெரிய படமா வர அது வேணும்.

ஆனையூர்:

விளம்பரக் காசு பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா இதுலதான் அதிக ஆசையும் அதிக ஏமாத்தமும்.

தளத்துல விளம்பரம் போட்டுக் காசு தர்ற கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஏத்துக்கிட்டது 2018-ல. அதுக்கு முன்னாடி தமிழ்த் தளத்துக்கு நேர்வழி இல்லை. இப்ப 20, 25 உருப்படியான பக்கம், 'எங்களைப் பற்றி', 'தொடர்புக்கு', தனியுரிமைக் கொள்கை மூணும் வச்சு விண்ணப்பிச்சா அனுமதி கிடைக்கும். மறுத்தா பெரும்பாலும் 'குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்'னு காரணம் வரும். செய்தித்தாள்ல வந்ததை வெட்டி ஒட்டுறது, நாலு வரிப் பக்கம், இயந்திரம் எழுதினதை வாசிச்சுக்கூடப் பாக்காம போடுறது, இதுக்கெல்லாம் அந்தப் பதில்தான். அந்த மாதிரிப் பக்கத்தை நீக்கிட்டு மறுபடி விண்ணப்பிங்க.

கணக்குல 10 டாலர் சேந்ததும் தபால்ல ஒரு ரகசிய எண் அனுப்புவாங்க. வந்து சேர ரெண்டுல இருந்து நாலு வாரம். நாலு மாசத்துக்குள்ள அதைப் பதியலைன்னா விளம்பரம் நின்னு போகும். கிராமத்து முகவரியில இங்கதான் சிக்கல். கதவு எண், தெரு, அஞ்சலகம், பின்கோடு நாலும் தபால்காரருக்குப் புரியுற மாதிரி இருக்கணும், பேரு வங்கிக் கணக்குல இருக்கிற மாதிரியே இருக்கணும். வராட்டி மறுபடி அனுப்பச் சொல்லலாம்.

100 டாலர் சேராம காசு கைக்கு வராது. சேந்தா அடுத்த மாசம் 21-லேர்ந்து 26-க்குள்ள அனுப்புவாங்க. இப்ப கணக்கைப் பாருங்க. ஆயிரம் பார்வைக்கு அரை டாலர்னு வச்சுக்குவோம், 100 டாலருக்கு 2 லட்சம் பார்வை வேணும். ஆயிரத்துக்கு ஒரு டாலர்னாலும் 1 லட்சம். உங்க உண்மையான எண் விளம்பரம் ஓட ஆரம்பிச்ச மறு மாசம் உங்க கணக்குலயே தெரியும், அதை வச்சு இதே பெருக்கலைப் போடுங்க. மதுரையை மட்டும் எழுதுற தளத்துக்கு மாசா மாசம் லட்சம் பார்வைங்கிறது சித்திரை, தை ரெண்டு மாசத்தைத் தவிர ரொம்பக் கஷ்டம். விளம்பரத்தை மின்சாரச் செலவுக்கு வர்ற காசா மட்டும் எண்ணுங்க.

ஒரு எச்சரிக்கை. சொந்தக்காரங்க, கூட்டாளிங்க குழுவுல சுட்டியைப் போட்டு 'விளம்பரத்தை அமுக்கி விடுங்கப்பா'ன்னு சொல்லாதீங்க. ஒரே பகுதியில இருந்து ஒரே நாள்ல வர்ற அமுக்கலை கூகுள் கண்டுபிடிச்சுரும். கணக்கு முடங்கினா சேந்த காசும் போகும், அதே பேர்ல மறுகணக்கும் கிடைக்காது.

மேலூர்க்காரன்:

அண்ணே, அக்கா, மூணு பேருக்கும் நன்றி. 'பெளர்ணமி'யைத் தேடிப் பாத்தேன், 31 இடத்துல தப்பா இருந்துச்சு.

அப்ப விளம்பரத்தை நம்பி 10,000 வராதுன்னு ஆயிருச்சு. சமணத் தலங்களைப் பத்தி எழுதின 12 கட்டுரையைச் சேத்து கிண்டில் புத்தகமாப் போடலாம்னு நெனைக்கிறேன். படம் 40 வரும். 150 ரூபாய் விலை வச்சா எனக்கு எவ்வளவு நிக்கும்?

நத்தம் ரோடு:

தம்பி, கிண்டில்ல ரெண்டு விகிதம், 35 சதவீதம், 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேணும்னா 'கேடிபி செலக்ட்'ங்கிற கிண்டிலுக்கு மட்டும் கொடுக்குற திட்டத்துல சேரணும். சேந்தா 90 நாள் அந்த மின்னூல் வேற எங்கயும் மின்வடிவத்துல இருக்கக் கூடாது, உங்க தளத்துலயும் சேத்துத்தான். பத்து சதவீத மாதிரிப் பகுதி மட்டும் வெளிய வைக்கலாம். உங்க 12 கட்டுரையும் தளத்துல தொறந்து கெடக்கும்போது செலக்ட்ல போட்டா எச்சரிக்கை மடல் வரும், கணக்கே போகவும் வாய்ப்பு இருக்கு.

படம் 40-ன்னீங்களே, அங்க ஒரு பள்ளம் இருக்கு. 70 சதவீதத்துல கோப்போட எடைக்கு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் அனுப்புகைக் கட்டணம் கழிப்பாங்க. கைபேசிப் படத்தை அப்படியே சொருகி கோப்பு 8 மெகாபைட் ஆச்சுன்னா 56 ரூபாய் முதல்லயே போச்சு. மிச்சம் 94-ல 70 சதவீதம், 65 ரூபாய் 80 காசு. படத்தையெல்லாம் சுருக்கி கோப்பை 2 மெகாபைட்டுக்குக் கொண்டு வந்தீங்கன்னா 14 ரூபாய்தான் கழியும், கைக்கு 95 ரூபாய் 20 காசு. அதே புத்தகம், அதே விலை, படத்தைச் சுருக்குனதுக்கு மட்டும் பிரதிக்கு 29 ரூபாய் 40 காசு. 35 சதவீதத்துல இந்தக் கட்டணம் கிடையாது, ஆனா கிடைக்கிறது 52 ரூபாய் 50 காசு. இதுல வரி தனி. விற்ற காசு மாசம் முடிஞ்சு ஏறக்குறைய 60 நாள் கழிச்சுத்தான் வரும்.

கோப்பை யூனிகோடு எழுத்துருவுல வேர்டாவோ ஈபப்பாவோ (மின்னூல் கோப்பு வடிவம்) கொடுங்க. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவுல தட்டினது ஏதாவது நடுவுல ஒட்டியிருந்தா அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலக் குப்பையாத் தெரியும். அட்டை 1,600-க்கு 2,560 பிக்சல். வெளியிடுறதுக்கு முன்னாடி மலிவான கைபேசி ஒண்ணுல கிண்டில் செயலியைப் போட்டுப் பாருங்க, கொம்பு உடையுதா, படத்துக்கு அடியில இருக்க வேண்டிய குறிப்பு அடுத்த பக்கத்துக்குப் போகுதான்னு அங்கதான் தெரியும்.

இதே 150 ரூபாய்ப் புத்தகத்தை உங்க தளத்துலயே பணப்பரிமாற்ற நிறுவனத்தோட கட்டணப் பக்கம் வச்சு வித்தா? 2 சதவீதக் கட்டணம்னு வைங்க, 3 ரூபாய். அந்தக் கட்டணத்து மேல 18 சதவீத ஜிஎஸ்டி, 54 காசு. கைக்கு 146 ரூபாய் 46 காசு, ரெண்டு மூணு நாள்ல வங்கியில. அதைவிடப் பெருசு, வாங்கினவரோட மின்னஞ்சல் உங்க கையில இருக்கும். அமேசான் அதைத் தராது. அந்த நிறுவனங்க கணக்குத் தொறக்க பான் அட்டை, வங்கிக் கணக்கோட தளத்துல விதிமுறை, தனியுரிமை, பணம் திரும்பத் தரும் முறை, தொடர்பு முகவரி நாலும் இருக்கணும்னு கேப்பாங்க.

எனக்குத் தெரிஞ்சு நல்ல வழி, அந்த 12 கட்டுரையையும் தளத்துல அப்படியே விட்டுருங்க. புத்தகத்துல தளத்துல இல்லாத ஒண்ணைக் கொடுங்க: ஒரு நாள்ல எந்தெந்த மலையைச் சேத்துப் பாக்கலாம்னு பாதைத் திட்டம், கையால வரைஞ்ச வரைபடம், கல்வெட்டு வாசகம், அரிட்டாபட்டி, மாங்குளம், ஆனைமலை, கீழக்குயில்குடி எல்லாத்துக்கும் ஒரே அட்டவணை. படிக்கிறவர் காசு கொடுக்குறது அந்தச் சேர்க்கைக்குத்தான்.

தெப்பக்குளம்:

நத்தம் ரோடு சொல்றதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒப்பலை. கிண்டிலை முழுசா ஒதுக்க வேண்டாம். வெளிநாட்டுத் தமிழருக்குச் சுலபமா வாங்குற இடம் அது. 35 சதவீதத்துல, செலக்ட்ல சேராம போட்டா வேற எங்கயும் விக்கக் கூடாதுங்கிற கட்டுப்பாடு கிடையாது, தளத்துலயும் விக்கலாம். மதுரையை விட்டுப் போய் முப்பது வருஷம் ஆனவங்கதான் இந்த எழுத்தோட உண்மையான வாசகர். அவங்களை விட்டுறக் கூடாது.

நத்தம் ரோடு:

அதுவும் சரிதான்க்கா. அப்ப தம்பி, தளத்துலயும் 199, கிண்டில்ல செலக்ட் இல்லாம 35 சதவீதத்துல அதே 199, ஏன்னா கிண்டில் விலை வேற இடத்து விலையைவிடக் கூடக் கூடாது. அங்கயும் பிரதிக்கு 70 ரூபாயை ஒட்டி நிக்கும்.

அச்சுப் புத்தகம் போடுறதா இருந்தா ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண் இந்தியாவுல இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்துலயே விண்ணப்பம் வாங்குது. காசு கேக்குற இடைத்தரகர்கிட்டப் போக வேண்டியதில்லை. முதல் அச்சு 100 பிரதிக்கு மேல போடாதீங்க. அனுப்ப அஞ்சல் துறையோட 'ஞான் போஸ்ட்' 2025 மே மாசத்துல இருந்து இருக்கு, 300 கிராம் வரை 20 ரூபாயும் வரியும். பிரதியை 300 கிராமுக்குள்ள வர்ற மாதிரி தாளையும் பக்கத்தையும் முதல்லயே தீர்மானிங்க, உறையோட எடையும் சேத்து.

கோரிப்பாளையம்:

நிரந்தர வருமானம் கேட்டீங்க. புத்தகம் ஒரு மாசம் ஓடும், ஒரு மாசம் படுக்கும். 10,000-க்குக் கூட ரெண்டு கால் வேணும்.

ஒண்ணு, தினசரி பயன்படுற சின்னத் தகவல். மல்லிகைத் தோட்டம் பத்தி எழுதுறீங்களே, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் விலையை ஒரு வாட்சப் சேனல்ல தினம் வெள்ளன போடுங்க. மல்லி, முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி அஞ்சு போதும். ஒவ்வொண்ணுக்கும் கிலோ விலை குறைஞ்சது, கூடினது, விசாரிச்ச நேரம். ரெண்டு கடையிலயாவது கேட்டுப் போடணும். விலை கிடைக்கலைன்னா 'இன்று விலை இல்லை'ன்னு போடுங்க, நேத்து விலையைப் போடவே கூடாது. முகூர்த்த நாள்ல காலையில ஒரு விலை, பத்து மணிக்கு ஒரு விலை. மார்கழிப் பனியில வரத்து குறைஞ்சு விலை ஏறும். அந்தச் சமயம் பூ போடுற விவசாயியும், கட்டி விக்கிற அக்காமாரும் தினம் பாப்பாங்க. வாரம் ஒரு நாள் அதே சேனல்ல உங்க நீளமான கட்டுரைக்குச் சுட்டி. ஆயிரம் பேர் தினம் பாக்குற சேனலுக்கு நாற்றுப் பண்ணைக்காரர், சொட்டுநீர்க் கடைக்காரர் மாசச் சந்தா விளம்பரம் கொடுப்பாங்க. மல்லி நாத்து ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்துல இருந்துதானே வருது, அங்க இருக்கிறவங்களுக்கு மதுரை விவசாயி வேணும். பார்வை எண்ணிக்கையோட படத்தை எடுத்துட்டு நேர்ல போய்க் கேளுங்க, மடல் போட்டா வேலைக்காகாது.

ரெண்டு, எழுதிக் கொடுக்குற வேலை. தங்கும் விடுதி, சுங்குடிச் சேலைக் கடை, மண்டபம் எல்லாருக்கும் தளத்துக்குத் தமிழ் வேணும். சொல்லுக்கு இத்தனை பைசான்னு பேசாதீங்க. நேர்ல போறது, எழுதுறது, ஒரு தடவை திருத்துறது எல்லாம் சேத்து ஒரு பக்கத்துக்கு அஞ்சு மணி நேரம்னா, உங்க மணிக்கூலி 300, பக்கம் 1,500. பாதி முன்பணம். ரெண்டாவது திருத்தத்துக்குத் தனிக் காசுன்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்கங்க. தகராறு வர்ற இடம் எப்பவும் அந்தத் திருத்தம்தான்.

மாசச் சந்தா வாசகர் திட்டம் இப்ப வேண்டாம். கணக்குல இருந்து தானாக் காசு பிடிக்கிற யூபிஐ ஆட்டோபேல ஒவ்வொரு மாசமும் பிடிக்கிறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி வாசகருக்கு அறிவிப்புப் போகும், 50 ரூபாய்க்கு மாசா மாசம் அந்த அறிவிப்பைப் பாத்தா ஆள் கழண்டுக்குவாங்க. வருஷத்துக்கு ஒரே தடவை 499-ன்னு வாங்குங்க.

காசு வாங்கியோ, இலவசமாப் பொருள் வாங்கியோ எழுதினா கட்டுரையோட தலையிலயே தமிழ்ல 'விளம்பரம்'னு போடணும். கடைசியில பொடி எழுத்துல போட்டா செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல தப்பான விளம்பரத்துக்கு முதல் தடவை 10 லட்சம், மறுபடி செஞ்சா 50 லட்சம் வரை அபராதம் போட இடம் இருக்கு. ஒரே வணிகர்கிட்ட இருந்து வருஷத்துல 20,000 ரூபாய்க்கு மேல பொருளா வாங்கினா அவங்க 10 சதவீதம் வரி பிடிக்கணும்.

உங்க அளவுக்கு ஜிஎஸ்டி வராது, சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினாத்தான் பதிவு. வருமான வரியில இது தொழில் வருமானம். மாசச் சம்பளத்துக்காக ஐடிஆர்-1 (வருமான வரிப் படிவம்) போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா இனி அது ஆகாது, 3 அல்லது 4. எதுன்னு ஆடிட்டர் சொல்லட்டும். டொமைன், இணையம், பயணம், படக்கருவி எல்லாத்துக்கும் ரசீதை மாச வாரியா ஒரு உறையில போட்டு வைங்க. வெளிநாட்டுல இருந்து காசு வந்தா வங்கி தர்ற வரவுச் சான்றையும் அதே உறையில.

மேலூர்க்காரன்:

ரொம்ப நன்றிண்ணே. கடைசியா ஒரே ஒரு சந்தேகம். என்கிட்ட ஏற்கெனவே வாட்சப் பிராட்காஸ்ட் பட்டியல் இருக்கு, 200 பேர். அதையே வச்சுக்கலாமா, சேனலுக்கு மாறணுமா?

சிம்மக்கல்:

சேனலுக்கு மாறிருங்க தம்பி. பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுலயும் உங்க நம்பரைத் தன் கைபேசியில சேமிச்சு வச்சவங்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சேமிக்காதவருக்கு வரவே வராது, வரலைன்னு உங்களுக்கும் தெரியாது. சேனல்ல ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, உங்க நம்பரும் வெளிய தெரியாது.

ஆனா சேனலும் உங்க கையில இல்லாத இடம்தான். அதனால தளத்துல ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில மின்னஞ்சல் வாங்குற சின்னப் பெட்டி ஒண்ணு வைங்க. 'செய்திமடலில் இணையுங்கள்'னு எழுதாதீங்க, யாரும் இணைய மாட்டாங்க. 'அழகர் ஆத்துல இறங்குற நேரப் பட்டியல் வந்ததும் அனுப்பட்டுமா?'ன்னு கேளுங்க. அந்தப் பட்டியலை மாசம் ஒரு தடவை இறக்கி உங்க கணினியில ஒரு நகல் வச்சுக்கங்க. அந்த 200 பேருக்கு சேனல் சுட்டியை இன்னிக்கே அனுப்பி, பூ விலையை வர்ற முகூர்த்த நாளுக்கு முந்தின நாள்ல இருந்து ஆரம்பிங்க.